சீனத்தில் உத்தியோகம்: கையில் மிஞ்சுவது எவ்வளவு?

காஞ்சிபுரத்துக்கும் சீன தேசத்துக்கும் உள்ள பழக்கம் இன்று நேற்று ஏற்பட்டது அல்ல.

கி.பி. 640-ஆம் ஆண்டு வாக்கில் யுவான் சுவாங் என்ற சீன யாத்திரிகர் காஞ்சிக்கு வந்தார். அப்போது பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் ஆண்டுகொண்டிருந்தான். காஞ்சியில் நூறு புத்த மடங்களுக்கு மேல் இருந்ததாக அந்த யாத்திரிகர் எழுதிவைத்தார். பிறகு, கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் 720-ஆம் ஆண்டில் சீனச் சக்கரவர்த்திக்குத் தூது அனுப்பினான். ‘சீனப் பட்டு’ என்ற பெயர் நம் பாட்டிமார் வாயில் இன்றும் இருக்கிறது.

அன்று போனவர்கள் தூதர்கள், வணிகர்கள். இன்று போக நினைப்பவர்கள் யார் தெரியுமா? மாதச் சம்பளத்துக்கு வேலை தேடும் வாலிபர்கள்!

சம்பளத்தைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் சம்பளம் வேறு. கையில் மிஞ்சுவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை செலவு இருக்கிறது? எத்தனை கண்ணி இருக்கிறது? பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

ஒரு வீடு, ஒரு கடிதம்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காகச் சொல்லும் குடும்பம். ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் காஞ்சியில் தெருவுக்குத் தெரு உண்டு.

வீட்டில் ஒரு தறி. அப்பா நெய்கிறார். அம்மா நூல் சுற்றுகிறாள். பிள்ளை பி.காம். படித்தவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறான். சரக்கு வாங்குவது, தரம் பார்ப்பது, தாள்களை எழுதுவது அவன் வேலை. கம்பெனி பஸ்ஸில் காலையில் போய் இரவில் வீடு திரும்புகிறான். மாதம் 25,000 ரூபாய் சம்பளம். தன் கைச்செலவு போக 18,000 ரூபாயை அம்மாவிடம் கொடுக்கிறான்.

அவனுக்குச் சீனாவிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. ‘எங்கள் அலுவலகத்தில் வேலை. மாதம் 12,000 யுவான் சம்பளம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

யுவான் என்பது சீன நாணயம். 2025-ஆம் ஆண்டில் ஒரு யுவானுக்குச் சுமார் 12 ரூபாய் மதிப்பு இருந்தது. அப்படியானால் 12,000 யுவான் என்பது 1,44,000 ரூபாய்!

“மாசம் ஒரு லட்சத்து நாப்பத்து நாலாயிரமாப்பா?” என்று அம்மா வாயைப் பிளக்கிறாள்.

“அது சொல்ற தொகைம்மா. கைக்கு வர்றது வேற” என்கிறான் பிள்ளை.

அப்பா தறியிலிருந்தபடியே சொல்கிறார்: “புடவை விலை வேற, நம்ம கூலி வேற. இதுவும் அப்படித்தானேடா?”

அப்பா சொன்னதுதான் சரி. எப்படி என்று பார்ப்போம்.

வாத்தியார் வேலை அல்ல

சீனாவுக்கு வேலைக்குப் போகும் வெளிநாட்டாரில் பலர் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள். ஆனால் அந்த வேலைக்கு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தேசத்தாரைத்தான் பொதுவாக எடுக்கிறார்கள். ஆகவே நம் ஊர் வாலிபருக்கு நேரான வழி அலுவலக வேலைதான்.

அந்த வேலை எங்கே கிடைக்கும்? ஷாங்காய் நகரத்துக்குத் தென்மேற்கே செஜியாங் என்று ஒரு மாகாணம். அதில் ஷாவ்சிங் என்பது பழைய நகரம். கால்வாய்களும் கல் பாலங்களும் நிறைந்த ஊர். லூ சுன் என்ற புகழ் பெற்ற சீன எழுத்தாளர் 1881-இல் பிறந்தது அங்கேதான். அந்த நகரத்தின் ஒரு பகுதி கேச்சியாவ்.

கேச்சியாவில் ‘சீன ஜவுளி நகரம்’ என்ற மாபெரும் துணிச் சந்தை இருக்கிறது. காஞ்சிக்கு காந்தி சாலைப் பட்டுக் கடைகள் எப்படியோ, அந்த ஊருக்கு அந்தச் சந்தை அப்படி. ஆனால் அளவில் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். இந்திய வியாபாரிகள் பலர் அங்கே அலுவலகம் வைத்திருக்கிறார்கள். துணியின் தரம் பார்க்க, ஆலைக்காரரோடு பேச, கப்பலில் சரக்கு ஏற்றும் தாள்களை எழுத அவர்களுக்கு ஆள் வேண்டும்.

துணியைத் தொட்டுப் பார்த்தே குணம் சொல்லும் பிள்ளைகள் காஞ்சியில் பிறந்தவர்கள். இந்த வேலை அவர்களுக்குப் பொருந்தும். அதில் சந்தேகம் இல்லை.

சம்பளத்தில் கை வைப்பவை

முதலில் சமூகக் காப்பீடு. இது நம் ஊர் பி.எஃப். போன்றது. 2011 அக்டோபர் முதல் அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டாரும் இதில் சேர வேண்டும். ஓய்வூதியத்துக்கு நூற்றுக்கு 8, மருத்துவத்துக்கு 2, வேலையில்லாக் காலத்துக்கு அரை. மொத்தம் நூற்றுக்குப் பத்தரை. சம்பளம் முழுவதற்கும் பிடித்தால் 12,000 யுவானில் 1,260 போய்விடும்.

அடுத்தது வருமான வரி. வருஷத்தில் முதல் 60,000 யுவானுக்கு வரி கிடையாது. காப்பீட்டுத் தொகைக்கும் கிடையாது. அவற்றைக் கழித்து மிஞ்சுவதில் முதல் 36,000 யுவானுக்கு நூற்றுக்கு 3 வரி. அதற்கு மேல் 1,44,000 வரை நூற்றுக்கு 10. நம் பிள்ளையின் சம்பளத்துக்கு வருஷ வரி 4,368 யுவான். மாதத்துக்குப் பங்கிட்டால் 364.

இரண்டும் போகக் கைக்கு வருவது 10,376 யுவான்.

இன்னொன்று. அங்கே வரியை மாதாமாதம் கூட்டிக்கொண்டே போய்ப் பிடிக்கிறார்கள். ஜனவரியில் குறைவாகப் பிடிப்பார்கள். வருஷக் கடைசியில் அதிகம் பிடிப்பார்கள். முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, எல்லா மாதமும் இவ்வளவு வரும் என்று நினைத்துவிடக் கூடாது.

தனிக்குடித்தனக் கணக்கு

இனி அங்கே சாப்பிட வேண்டும், குடியிருக்க வேண்டும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்:

வாடகை – 2,500 யுவான்.
மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம் – 400.
சாப்பாடு – 2,500.
போக்குவரத்து, தொலைபேசி – 400.
துணிமணி, மருந்து, சில்லறைச் செலவு – 1,000.
வருஷம் ஒரு முறை ஊருக்கு வந்து போக மாதாமாதம் எடுத்து வைப்பது – 600.

மொத்தம் 7,400 யுவான்.

10,376-இல் 7,400 போனால் மிஞ்சுவது 2,976. நம் பணத்தில் 35,712 ரூபாய்!

ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் எங்கே? முப்பத்தையாயிரம் எங்கே?

ஊருக்கு ஊர் வாடகை மாறும். ஷாங்காயில் இதைவிடக் கூடுதல் ஆகும். ஆகவே, கடிதத்தில் உள்ள ஊரில் இன்று என்ன வாடகை என்று அங்கேயே இருப்பவரிடம் கேட்டு, அந்தத் தொகையை இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும்.

குளிரையும் மறக்கக் கூடாது. ஷாவ்சிங் பக்கம் குளிர்காலத்தில் உடம்பு நடுங்கும். வட சீனத்தில் நகரம் முழுவதற்கும் பொதுவாக வெப்பம் தருவார்கள். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே உள்ள வீடுகளுக்கு அந்த வசதி பொதுவாக இல்லை. அறையைச் சூடாக்கும் மின்சாரம் குடியிருப்பவர் செலவு. காஞ்சி வெயிலில் வளர்ந்தவனுக்குக் கம்பளிச் சட்டையும் புதுச் செலவுதான்.

சம்பளம் வருமுன்னே வரும் செலவு

இது பலருக்குத் தெரியாத சங்கதி. சீன நகரங்களில் வீடு பிடிக்கும்போது ஒரு மாத வாடகையை முன்பணமாகவும், மூன்று மாத வாடகையைச் சேர்த்தும் வாங்குவது வழக்கம். தரகருக்கு அரை மாதம் அல்லது ஒரு மாத வாடகை தனி. 2,500 யுவான் வாடகை என்றால், வீட்டுச் சாவி கைக்கு வருமுன் 12,500 யுவான் வரை எண்ணி வைக்க வேண்டும். அது ஒன்றரை லட்சம் ரூபாய்!

இதோடு விமானச் செலவு, விசாச் செலவு, சான்றிதழ்ச் செலவு. எல்லாம் சேர்ந்து 2 லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும்.

சோதனைக் காலம் ஒன்றும் உண்டு. சீனத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டப்படி, இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் வரை சோதனைக் காலம் வைக்கலாம். அப்போது பேசிய சம்பளத்தில் நூற்றுக்கு 80 கொடுத்தால் போதும். அந்த மாதங்களில் 9,600 யுவான்தான் சம்பளம். பிடித்தமும் செலவும் போக ஆயிரம் யுவான் சொச்சமே மிஞ்சும். கடன்காரர் அதற்காகக் காத்திருப்பாரா?

தறி கேட்கும் கூலி

வெளிநாட்டுச் சம்பளத்தைக் கணக்குப் போடும்போது வீட்டுத் தறியை மறந்துவிடுகிறார்கள்.

காஞ்சிப் புடவையின் பெருமை கோர்வை. உடலுக்கு ஒரு நிறம். கரைக்கு ஒரு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் ஒருவர் உட்கார்ந்தால் போதாது. பக்கத்தில் துணைக்கு இன்னொரு கை வேண்டும். லீவு நாளில் பிள்ளைதான் அந்தத் துணை. பாவு பிணைக்கும்போதும் அவன் கை உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பட்டும் சரிகையும் வாங்கி வருவதும் அவனே.

அவன் போய்விட்டால் துணைக்கு ஆள் வைக்க வேண்டும். மாதம் 5,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது முழுக் கணக்கு:

சீனாவில் மிஞ்சுவது 35,712 ரூபாய். ஊரில் இருந்தே கொடுத்துவந்த 18,000-ஐக் கழித்தால் 17,712. தறித் துணைக் கூலி 5,000 போக 12,712. வட்டி 4,000 போக 8,712.

ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் என்று கேட்ட சம்பளத்தால் குடும்பத்துக்கு வரும் புது லாபம் மாதம் 8,712 ரூபாய்! யுவான் மதிப்பு பதினொரு ரூபாய்க்கு இறங்கினால் அதிலும் மூவாயிரம் ரூபாய்க்குக் கிட்டக் குறைந்துவிடும்.

அப்படியானால் போக வேண்டாமா? பொறுங்கள்.

ஓர் அறை செய்யும் மாயம்

கம்பெனியே தங்க அறை கொடுத்தால் என்ன ஆகும்? வாடகை 2,500 யுவான் மிச்சம். அது மாதம் 30,000 ரூபாய். வீட்டு முன்பணமும் வேண்டாம், தரகும் வேண்டாம். கடனில் பெரும் பகுதி குறைந்துவிடும். வட்டியை அப்படியே வைத்தாலும் லாபம் 8,712-இலிருந்து 38,712 ரூபாய்க்கு ஏறிவிடுகிறது!

இதே பலனைச் சம்பள உயர்வில் பெற எவ்வளவு கேட்க வேண்டும்? காப்பீடும் வரியும் போக 2,500 யுவான் கைக்கு வர வேண்டுமானால், சம்பளத்தைச் சுமார் 3,100 யுவான் கூட்டிக் கேட்க வேண்டும். முதலாளி அவ்வளவு கூட்டித் தருவது கடினம். ஓர் அறை தருவது அவருக்கு எளிது. ஆகவே சம்பளத்துக்குப் பேரம் பேசுவதற்கு முன் அறையைக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டாருக்குக் கம்பெனி தரும் வீட்டு வாடகைக்கு, முறையான ரசீது இருந்தால், 2027 முடியும் வரை வரிச் சலுகையும் உண்டு.

எந்த விசா?

பணக் கணக்கு முடிந்தது. இனி காகிதக் கணக்கு. பணக் கணக்கு தப்பினால் நஷ்டம். காகிதக் கணக்கு தப்பினால் சிறை!

சீனாவில் வேலை பார்க்க இசட் விசா வேண்டும். அதற்கு முன்னால், கம்பெனி அங்குள்ள அரசாங்கத்திடம் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். அந்த நாட்டுக்குள் போனபின் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு மனுக் கொடுக்க வேண்டும். தனி வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும்.

2017 முதல் வெளிநாட்டு ஊழியரை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சாதாரண அலுவலக ஊழியர் பி வகுப்பு. அதற்குப் பொதுவாகப் பட்டமும், அதற்குப் பின் அதே துறையில் இரண்டு வருஷ அனுபவமும் வேண்டும். நம் பிள்ளைக்கு மூன்று வருஷ அனுபவம் இருக்கிறது. நேற்றுப் படிப்பை முடித்தவனுக்கு இந்த வழி எளிதில் திறக்காது. குற்ற வழக்கு இல்லை என்ற போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை, முறைப்படி உறுதி செய்த பட்டச் சான்றிதழ் ஆகியவையும் வேண்டும். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லை. டெல்லியில் தூதரகமும், மும்பையிலும் கொல்கத்தாவிலும் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன.

“இதெல்லாம் வீண் தாமதம். எம் விசாவில் வந்துவிடு. வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்” என்று சிலர் ஆசை காட்டுவார்கள். எம் விசா என்பது வியாபாரம் பேச வருகிறவருக்குக் கொடுப்பது. அதை வைத்துச் சம்பள வேலை பார்ப்பது குற்றம். 2013 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டப்படி, அனுமதி இல்லாமல் வேலை பார்த்தவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் பெரிதானால் 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. நாட்டை விட்டு வெளியேற்றவும் செய்யலாம். ஆசை காட்டியவர் அப்போது தொலைபேசியை எடுப்பாரா?

யிவூவில் நடந்தது

இது கதை அல்ல, நடந்த செய்தி.

அதே செஜியாங் மாகாணத்தில் யிவூ என்று ஒரு சந்தை நகரம். 2011 டிசம்பரில் அங்கே இரண்டு இந்தியரை உள்ளூர் வியாபாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஏன்? அந்த இருவர் வேலை பார்த்த வியாபார நிறுவனம், சரக்கு வாங்கிய கடைகளுக்குப் பெருந்தொகை பாக்கி வைத்திருந்தது. முதலாளி ஓடிவிட்டார். ஊழியர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள்!

“நாங்கள் சம்பளக்காரர்கள், முதலாளி அல்ல” என்பது அவர்கள் வாதம். கடன் கொடுத்தவர்கள் கேட்கவில்லை. அவர்களை மீட்க ஷாங்காய் இந்தியத் துணைத் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி போனார். அவர் நீரிழிவு நோயாளி. நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் சிக்கி, அங்கேயே மயங்கி விழுந்தார். விஷயம் டெல்லி வரை போயிற்று. 2012 ஜனவரியில், யிவூவில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் நம்மவரை எச்சரித்தது.

எல்லா முதலாளியும் இப்படி அல்ல. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் ஏராளம். ஆனால் துணி வாங்கும் அலுவலகத்தில் சேரும் ஊழியனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. முதலாளியின் கடனுக்குத் தன் பெயரில் கையெழுத்துப் போடக் கூடாது. சரக்குச் சீட்டில் கம்பெனி முத்திரை இருக்க வேண்டும். கம்பெனியின் சட்டபூர்வப் பொறுப்பாளராகத் தன் பெயரைப் பதிய ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது.

அரைச் சம்பளம் தாளில், அரைச் சம்பளம் கையில்

“ஒப்பந்தத்தில் 6,000 என்று எழுதுவோம். மீதி 6,000-ஐக் கையில் தருகிறோம். உனக்கும் வரி மிச்சம்” என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. கேட்க இனிப்பாக இருக்கும். விளைவு கசப்பு.

சீனாவிலிருந்து சம்பளத்தை வெளிநாட்டு நாணயமாக மாற்றி ஊருக்கு அனுப்ப, வேலை ஒப்பந்தத்தையும் வரி கட்டிய சான்றையும் வங்கி கேட்கும். கையில் வாங்கிய பணத்துக்கு எந்தச் சான்றைக் காட்டுவது? கம்பெனி அந்த மீதியை நிறுத்திவிட்டால் எந்தத் தாளை வைத்து வழக்குப் போடுவது?

ஆகவே முழுச் சம்பளமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒப்பந்தம் இருந்தால், தகராறு வரும்போது சீன மொழித் தாளே செல்லும் என்று எழுதுவது வழக்கம். எனவே சீனம் தெரிந்த ஒருவரிடம் வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போட வேண்டும்.

ஓய்வூதியத்துக்குப் பிடித்த பணம் வீண் ஆகாது. நாடு திரும்பும்போது தன் கணக்கில் சேர்ந்த தொகையை மனுக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். ஆனால் கம்பெனி உண்மையிலேயே அதைக் கட்டியிருக்க வேண்டும்!

அம்மாவோடு பேசுவது எப்படி?

வாட்ஸ்அப், கூகுள் இரண்டும் சீனாவில் தடை செய்யப்பட்டவை. சீனர்கள் பேசவும் பணம் கொடுக்கவும் பயன்படுத்துவது வீசாட். அதை 2020 ஜூனில் இந்திய அரசாங்கம் இங்கே தடை செய்துவிட்டது. இங்கே உள்ளது அங்கே இல்லை. அங்கே உள்ளது இங்கே இல்லை. ஆகவே வீட்டோடு எந்த வழியில் பேசுவது, அதற்கு என்ன செலவு என்பதைப் புறப்படுமுன் முடிவு செய்துகொள்ள வேண்டும். மகன் குரலைக் கேட்காமல் பத்து நாள் இருந்தால் எந்தத் தாய்க்குச் சோறு இறங்கும்?

சாப்பாட்டுக்கு அதிகம் பயம் வேண்டாம். அந்தப் பக்கமும் அரிசிச் சோறு தின்கிற பூமிதான். கேச்சியாவில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. ஆனால் தினமும் கடையில் சாப்பிட்டால் மிச்சம் கரைந்துவிடும். ரசமும் குழம்பும் வைக்கத் தெரிந்த பிள்ளை மாதம் சில நூறு யுவான் மிச்சம் பிடிப்பான். சைவச் சாப்பாட்டுக்காரர், எண்ணெயில் மாமிசம் உண்டா என்று கேட்கும் அளவுக்காவது சீனம் கற்றுக்கொண்டு போவது நல்லது.

பிரயாணம் முன்பைவிடச் சுலபம் ஆகிவிட்டது. 2020-இல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோ வழியில் மீண்டும் பறக்கத் தொடங்கின.

தரகரிடம் ஜாக்கிரதை

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தரகர் இந்திய அரசாங்கத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர் பட்டியல் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் இருக்கிறது. அவர் வாங்கக்கூடிய கூலி அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவர் வேறு ஏதோ வியாபாரம் செய்கிறார் என்று பொருள்.

தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்கள் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் அகப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. 2022 அக்டோபரில் 13 தமிழர் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். அவர்களும் கைநிறையச் சம்பளம் என்ற வார்த்தையை நம்பித்தான் போனார்கள்.

சந்தேகம் வந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்திலும் விசாரிக்கலாம். செஜியாங் மாகாணத்தில் சங்கடம் நேர்ந்தால் உதவிக்கு அணுக வேண்டிய இடம் ஷாங்காய் இந்தியத் துணைத் தூதரகம்.

ஏழு கேள்விகள்

கடிதம் வந்தவுடன் பதிலாக இந்த ஏழு கேள்விகளை எழுதி அனுப்ப வேண்டும்:

1. சம்பளம் முழுவதும் ஒப்பந்தத்தில் எழுதப்படுமா?
2. தங்க அறை தருவீர்களா? இல்லையென்றால் வாடகையும் முன்பணமும் யார் பொறுப்பு?
3. வேலை அனுமதிக் கடிதமும் இசட் விசாவும் எந்தக் கம்பெனி பெயரில் வரும்? சம்பளம் தருவதும் அதே கம்பெனிதானா?
4. சோதனைக் காலம் எத்தனை மாதம்? அப்போது என்ன சம்பளம்?
5. சமூகக் காப்பீடு கட்டுவீர்களா?
6. வருஷத்தில் எத்தனை நாள் லீவு? ஊருக்கு வந்து போக டிக்கெட் உண்டா?
7. ஒப்பந்தத்துக்கு முன்னால் வேலையை விட்டால் என்ன ஆகும்?

நேர்மையான கம்பெனிக்கு இவை எளிய கேள்விகள். ஒரே நாளில் பதில் எழுதிவிடும். ‘அதெல்லாம் வந்தபின் பேசிக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான்! அந்த வேலை வேண்டாம் என்று அதற்குப் பொருள்.

போவதா, வேண்டாமா?

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. ஆனால் அக்கரை எப்போதும் வறட்சி என்றும் சொல்லிவிட முடியாது. உலகத்தின் பெரிய துணிச் சந்தை ஒன்றில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன், விலை எப்படி ஏறுகிறது, சரக்கு எங்கே போகிறது, வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டு வருவான். சீன மொழியும் ஓரளவு வரும். காஞ்சிப் பட்டுக்கு 2005-ஆம் ஆண்டு வாக்கில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை உலகச் சந்தையில் எடுத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இந்த ஊருக்கு வேண்டும்.

அறை கிடைத்து, இசட் விசா கிடைத்து, முழுச் சம்பளமும் தாளில் ஏறினால், சந்தோஷமாகப் போய் வரலாம். அறையும் இல்லை, கடனும் வாங்க வேண்டும் என்றால், மாதம் எட்டாயிரம் ரூபாய்க்காகப் பெற்றவரை விட்டுக் கடல் கடப்பதா என்று குடும்பம் கூடி யோசிக்க வேண்டும். விசாவே சரியில்லை என்றால் யோசிக்கவும் வேண்டாம்.

புடவைக்குப் பாவு போடும்போது இழை எண்ணிப் போடுகிற ஊர் காஞ்சிபுரம். ஓர் இழை தவறினாலும் அது கடைசி வரை தெரியும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டு வேலைக் கடிதத்தையும் அப்படியே எண்ணிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.